எரியக் கூடாத பல்பு

என் அருமை மதினிக்கு,

உங்கள் கொழுந்தன் எழுதுகிறேன். ஊருக்கே கேட்கிற மாதிரி பேசித்தான் எனக்குப் பழக்கம். ஒருத்தருக்கென்று உட்கார்ந்து எழுதுவது இதுதான் முதல் தடவை. அதையும் பாருங்கள், பள்ளிக்கூடத்து விழா மலரில் போடுவதற்குத்தான் கொடுக்கப் போகிறேன். நாலு பேர் ஒட்டுக்கேட்கத்தான் செய்வார்கள், கேட்கட்டும்.

முதலில் உங்களுக்குப் பிடித்த சங்கதி. இந்த வருசம் பிறந்த கையோடு செவ்வாயின் தென் துருவத்துக்கு ஒரு கலம் கிளம்பியது என்று பேப்பரை விரித்துக் காட்டினீர்களே, அது இந்த மாதம் போய்ச் சேர்ந்தது. சேர்ந்ததா விழுந்ததா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இறங்கப் போகிற நேரம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தது, அப்புறம் சத்தமே இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறார்களாம்.

அதில் ஒரு மைக் வைத்து அனுப்பியிருந்தார்கள், மதினி! செவ்வாயில் காற்று எப்படிச் சத்தம் போடுகிறது என்று கேட்பதற்காம். கூடவே பிள்ளைகளின் பெயர்களை எல்லாம் ஒரு தட்டில் பதிந்தும் வைத்தார்களாம். படித்ததும் எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, நம் தொழில் அங்கே வரைக்கும் போய்விட்டதே என்று. அடுத்த நிமிசம் உங்கள் குரல் காதில் கேட்டது. "அந்த மைக்கு கேக்குறதுக்கா கொழுந்தனாரே, கூட்டம் சேக்குறதுக்கா?"

அந்தக் கேள்வி ஏன் உடனே வந்தது என்று உங்களுக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், தெரிந்த கதையைத் திரும்பவும் கேட்க வேண்டியிருக்கிறதே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் என் அண்ணன் மனைவி. அருப்புக்கோட்டையில் பொம்பளைப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். அண்ணன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்கேயாவது இருப்பார். நான் மைக் செட் வைத்திருக்கிறேன். காதுகுத்து, கட்சிக் கூட்டம், கடைத் திறப்பு எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டி, வேனில் போய் விளம்பரமும் சொல்லி வருவேன். சாப்பாடு உங்கள் வீட்டில். என்னைக் கிண்டல் பண்ணாமல் நீங்கள் ஒருநாளும் சோறு போட்டதில்லை.

இரண்டு வருசத்துக்கு முன்னால் செவ்வாயில் ஒரு குட்டி வண்டி இறங்கியதே, அங்கேதான் எல்லாம் ஆரம்பம். பலூன் மாதிரி உப்பிய பைகளுக்குள்ளே இருந்துகொண்டு அது துள்ளித் துள்ளி விழுந்ததை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நான் கைதட்டிப் பார்த்தேன். நீங்கள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னீர்கள்.

"குதிச்சு இறங்குனதையே காட்டுறாக. அது ஒரு கல்லு பக்கத்துல போயி மூஞ்சிய ஒட்டி வச்சுக்கிட்டு மணிக்கணக்கா அசையாம நின்னுச்சாம், அந்தக் கல்லு எதால ஆனதுன்னு பாக்க. அத ஒரு பயலும் காட்ட மாட்டேங்கான்."

"அசையாம நிக்கிறத யாரு மதினி பாப்பா?" என்றேன் நான்.

"அதுஞ் சரிதான். குதிக்கிறதக் காட்டுனாத்தான் அடுத்த வண்டிக்குக் காசு தருவாக, எனக்குந் தெரியும். காட்டட்டும். ஆனா கல்லு சொல்லாதத கல்லு சொன்னதாச் சொல்லப்படாது."

அதற்கு முந்தின வருசம்தான் செவ்வாயிலிருந்து வந்து விழுந்த விண்கல்லில் உயிரின் தடம் இருக்கிறது என்று ஒரு நாட்டின் தலைவரே டிவியில் வந்து பேசியிருந்தார். ஊரே அதைப் பேசியது. நீங்கள் மட்டும், "இன்னும் ரொம்ப வருசத்துக்கு அடிச்சுக்குவாக பாருங்க" என்று சிரித்தீர்கள். இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் மதினி.

பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்கு நாமும் ஒரு வண்டி செய்வோம் என்று உங்கள் பிள்ளைகள் கேட்டார்கள். சரி என்றீர்கள். லாரி வைப்பரை ஆட்டுகிற பழைய மோட்டார்கள், பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளின் சக்கரங்கள், என் வேனில் இருந்து ஒரு பேட்டரி. முன் சக்கரத்தை ஒட்டிப் பின்னால் மண்ணை அள்ள ஒரு கரண்டி. அள்ளிய மண் ஒரு பாட்டிலில் சீனித் தண்ணீரோடு கலக்கும். மண்ணில் கண்ணுக்குத் தெரியாத உயிர் இருந்தால் அது சீனியைத் தின்று மூச்சு விடும். அந்தக் காற்று குழாய் வழியே, சுண்ணாம்பு கரைத்துத் தெளிய வைத்த தண்ணீருக்குள் போகும். தண்ணீர் பாலாக மாறி வெளிச்சத்தை மறைத்தால் மேலே சிவப்பு பல்பு எரியும். இருபது வருசத்துக்கு முன்னால் செவ்வாயில் இறங்கிய கலங்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் மண்ணுக்குத் தீனி போட்டுப் பார்த்தன என்றீர்கள். அப்போது காற்று வந்ததாம். ஆனாலும், உயிர்தான் என்று சொல்லாமல் பெரும்பாலானவர்கள் தயங்கிவிட்டார்களாம். வெறும் மண்ணின் குணத்தால்கூட அது வந்திருக்கலாம் அல்லவா.

திருச்சுழிப் பக்கம் நம் காட்டிலிருந்து மண் கொண்டுவந்தோம். ஒரு பங்கை அப்படியே வைத்தீர்கள். இன்னொரு பங்கைக் கடலை வறுக்கிற இருப்புச்சட்டியில் போட்டு வறுத்து, உள்ளே இருக்கிற உயிரெல்லாம் சாகும்படி செய்தீர்கள். பச்சை மண் போட்ட பாட்டிலில் மறுநாள் தண்ணீர் பாலானது. வறுத்த மண் போட்டதில் தெளிவாகவே இருந்தது. நீங்கள் அந்தத் தெளிந்த தண்ணீரைத்தான் பிள்ளைகளிடம் தூக்கித் தூக்கிக் காட்டினீர்கள்.

கண்காட்சி அன்று எல்லார் முன்னாலும் வண்டி வறுத்த மண்ணை அள்ள வேண்டும், பல்பு எரியாமல் இருக்க வேண்டும். இதுதான் உங்கள் திட்டம்.

"மதினி, எரியாத பல்பப் பாக்கவா சனம் பஸ்ஸேறி வரும்? பச்ச மண்ண வச்சு எரிய விடுவோம்."

"பச்ச மண்ணு உடனே எரியாது தம்பி, ராப்பூரா ஆகும். இல்லைங்கிறத இல்லைன்னு சொல்லத் தெரியாத மிசினு, நாளைக்கு இருக்குன்னு சொன்னா அத எவன் நம்புவான்? எரியாம இருக்கிறதுதான் விசயம்."

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய். ஆனாலும் வேனை எடுத்துக்கொண்டு பாலவனத்தம், காரியாபட்டி, வீரசோழன் என்று சுற்றி, "செவ்வாய் கிரக வண்டி நம்ம ஊரில்! மண்ணுக்குள்ளே உயிரைக் கண்டுபிடிக்கும் அதிசயம்!" என்று கத்திவிட்டு வந்தேன். வண்டியைச் சுற்றிச் சீரியல் பல்பு கட்டலாமா என்று கேட்டேன். முறைத்தீர்கள். மாலை வேண்டாம், சந்தனம் குங்குமம் வேண்டாம், வண்டியில் ஒருத்தர் கையும் படக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னீர்கள். வெளிக் கிரகத்துக்கு அனுப்புகிற கலத்தையே சூட்டில் வைத்து எடுத்துத்தான் அனுப்பினார்கள், நம் அழுக்கு அங்கே போய் உயிர் என்று ஏமாற்றிவிடக் கூடாதாம்.

சரி மதினி என்றேன். சொன்ன சொல் தவறாமல் வண்டியைத் தொடவே இல்லை. நாலு சக்கரத்துக்கும் முன்னால் தரையில் நாலு எலுமிச்சம்பழம் மட்டும் வைத்தேன்.

நம் ஊரில் யார்தான் வைக்க மாட்டார்கள்? அண்ணனின் லாரி ஒவ்வொரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. முடிந்து வரும்போதும் வைப்போம். என் வேனுக்கு வைத்தோம். உங்கள் மொபெட்டுக்கும் நான்தான் வைத்தேன். எலுமிச்சம்பழம் நசுக்காமல் ஒரு புது வண்டி நகர்ந்து நான் பார்த்ததில்லை. அது வண்டியில் ஒட்டாது, தரையில்தானே கிடக்கிறது என்று நினைத்தேன். பழம் நசுங்கிய இடத்திலேயே கரண்டி இறங்கும் என்று யோசிக்கவில்லை.

மைதானம் நிரம்பி வழிந்தது. பெரிய அதிகாரி ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேப்பர்க்காரர்கள் வந்திருந்தார்கள். வண்டி நகர்ந்தது, பழம் நசுங்கியது, வறுத்த மண் பரப்பிய இடத்தில் கரண்டி இறங்கி மண்ணோடு சாற்றையும் சக்கையையும் சேர்த்து அள்ளியது. நம் காட்டு மண்ணில் சுண்ணாம்புக்கு என்ன குறைச்சல், கிளறினாலே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் வருமே. புளிப்புச் சாறு பட்டதும் பாட்டிலுக்குள் மண் நுரைத்துப் பொங்கி, மூச்சில் வருகிற அதே காற்றை விட்டது. தண்ணீர் பாலானது. சிவப்பு பல்பு எரிந்துவிட்டது.

கூட்டம் போட்ட சத்தத்தில் குழாய் சத்தமே கேட்கவில்லை. "உயிர் இருக்கிறது! உயிர் இருக்கிறது!" என்று நான் மைக்கில் கத்தினேன். அந்த நேரம் எனக்கே என்ன நடந்தது என்று தெரியாது, அது வரைக்கும் நான் குற்றவாளி இல்லை.

நீங்கள் குனிந்து கரண்டியைப் பார்த்தீர்கள். நிமிர்ந்து, "எலுமிச்சம்பழம் யாரு வச்சது?" என்று கேட்டீர்கள். என் முகத்தைப் பார்த்ததும் உங்களுக்கு விடை தெரிந்துவிட்டது. கோபம்கூட இல்லை. கையை நீட்டி, "மைக்கக் குடுங்க தம்பி. தப்புன்னு சொல்லிருவோம்" என்றீர்கள்.

நான் கொடுக்கவில்லை. அதிகாரி எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். நான் மைக்கை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "நன்றியுரை கடைசியில்தான் டீச்சர்!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நீட்டிய கையை மடக்கி நீங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டீர்கள். அந்தக் கையை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன், நினைத்தால் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது.

அதிகாரி அதே மைக்கில், இப்படிப்பட்ட டீச்சர் இருக்கிற பள்ளிக்கு ஓர் ஆய்வுக்கூடம் கட்டித் தருவதாக அறிவித்தார். மறுநாள் பேப்பரில் உங்கள் படம். வறுத்த மண்ணிலும் உயிரைக் கண்டுபிடித்த ஆசிரியை.

அன்றைக்கு எனக்கு மட்டும் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுத்தீர்கள். நீங்கள் எனக்குக் கொடுத்த தண்டனை அது ஒன்றுதான். நான் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன், விசயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. பேப்பரில் மறுப்புப் போடச் சொல்லிக் கேட்டீர்கள், "பேப்பர்க்காரக எல்லாம் உங்களுக்குப் பழக்கந்தான தம்பி" என்று. நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தேன். நீங்களே எழுதிப் போட்டது வரவில்லை. தலைமையாசிரியை, கூடத்துக்கு உத்தரவு வரும் வரைக்கும் வாயைத் திறக்க வேண்டாம் என்று கும்பிடாத குறையாகக் கேட்டார். பிள்ளைகளுக்கு ஒரு கூடம் கிடைக்கிறதே என்று நீங்கள் அதற்குக் கட்டுப்பட்டீர்கள். உத்தரவு வர வருசம் ஓடிவிட்டது.

இடையில் மதுரையில் ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றுக்குப் போனீர்கள். அங்கே ஒரு பேராசிரியர் எல்லார் முன்னாலும், "வறுத்த கடலைய முளைக்க வைக்கிற டீச்சர் இவுகதானா?" என்று கேட்டாராம். பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் நீங்கள் என்னிடம் அதைச் சொல்லிவிட்டு, "அவரு கேட்டது நியாயந்தான தம்பி, நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்" என்றீர்கள். அப்புறம் காபி போடப் போய்விட்டீர்கள். அன்றைக்காவது நான் ஒரு பேப்பர் ஆபீசுக்கு நடந்திருக்கலாம். ஏன் நடக்கவில்லை, மதினி? என் வேனின் பக்கவாட்டில் 'செவ்வாய் வண்டிப் புகழ்' என்று எழுதி வைத்திருந்தேனே, அதனாலா? அதனால்தான்.

பிறகு உங்களுக்கு உடம்புக்கு வந்தது. சித்திரையில் போய்விட்டீர்கள். கூடம் அதற்கப்புறம்தான் எழும்பியது.

இப்போது திறப்பு விழா வருகிறது. நல்ல கட்டிடம், தண்ணீர்க் குழாய் எல்லாம் இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கும். வாசலுக்குக் கல்வெட்டு எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார்கள். 'வறுத்த மண்ணிலும் உயிரைக் கண்ட கமலவேணி டீச்சர் நினைவு ஆய்வுக்கூடம்'. அன்றைக்கு மைக் செட்டும் நான்தானாம். உங்களைப் பற்றி உருக்கமாகப் பேச வேண்டுமாம்.

பேப்பர் கிழிந்து போகும், மறந்து போகும். கல்லில் வெட்டிவிட்டால் உங்கள் பெயர் இருக்கிற வரைக்கும் அந்தப் பொய்யும் சேர்ந்து இருக்கும். நேரே அண்ணனிடம் போனேன். அந்தப் பேப்பர் படத்தை அவர் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். லாரியிலும் ஒன்று ஒட்டியிருந்தார், நாசிக் வரைக்கும் போய் வந்த படம் அது. வீட்டில் மாட்டிய படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார்.

கல்வெட்டில் அந்த வரியை எடுத்துவிடலாம் என்றேன். அவருக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது.

"ஏலே, அவளுக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான்டா. பிள்ள இல்ல, குட்டி இல்ல. அதையும் பிடுங்கணுமா?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். பழம் வைத்ததை, நீங்கள் மைக் கேட்டதை, நான் சொன்ன வேடிக்கைப் பேச்சை. அவர் அன்றைக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார், எதையும் பார்க்கவில்லை. அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

படத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு சொன்னார். "எங்கிட்டயும் சொன்னாடா. அது தப்புங்க, அப்படி இல்லைங்கன்னு எத்தனையோ தடவ சொன்னா. நான் அடக்கத்துக்குச் சொல்றான்னு நெனச்சேன். அவ இல்ல இல்லன்னு சொல்லச் சொல்ல, நான் இன்னும் நாலு பேர்ட்ட போயி பெருமையாச் சொல்லிட்டு வருவேன். வந்து அதையும் அவட்டயே சொல்லுவேன்." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "வீட்டுக்குள்ளயே ஒத்தையில இருந்திருக்காளேடா."

மதினி, ஊர்தான் உங்களை நம்பவில்லை என்று நினைத்திருந்தேன். வீட்டில் அண்ணனாவது இருந்தார் என்று மனசைத் தேற்றி வைத்திருந்தேன். அதையும் நான்தான் கெடுத்திருக்கிறேன். நீங்கள் இல்லை என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் எதிரே இருந்தவருக்கு நான் கத்தியதுதான் கேட்டிருக்கிறது. அந்த இரண்டு வருசத்தை உங்களுக்கு எப்படித் திருப்பித் தருவது?

கொஞ்சம் கழித்து அண்ணன் எழுந்து படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார். "மலர்ல எழுதுலே. எம்பேரையும் சேத்து எழுது. அவ சொன்னது எனக்குக் கேக்கலைன்னு போடு" என்றார். போட்டுவிட்டேன்.

கல்வெட்டில் இப்போது உங்கள் பெயரும், வேதியியல் ஆசிரியை என்பதும் மட்டும்தான். இதைப் படித்துவிட்டுச் சிலர் என்னைத் திட்டுவார்கள், விழாவுக்குக் கூட்டமும் குறையலாம். இந்தத் தடவை நான் வேனில் கத்தப் போகவில்லை. அன்றைக்கு முதல் பேச்சாக அந்த பல்பு ஏன் எரிந்தது என்று சொல்வேன், அது யாருடைய தப்பு என்றும் சொல்வேன், அதற்கப்புறம்தான் உங்கள் பெயரைச் சொல்வேன். இது சத்தியம். இன்னொன்றும் சொல்லிக்கொள்கிறேன் மதினி. அந்தக் கூடத்தில் ஏதாவது ஒரு பிள்ளை நாள் முழுக்கச் சோதனை பண்ணிவிட்டு, "ஒண்ணும் வரல" என்று நேர்மையாக வந்து சொல்லும். அந்தப் பிள்ளை பேசி முடிக்கும் வரைக்கும் நான் வாயை மூடிக்கொண்டு கேட்பேன்.

இப்படிக்கு,
நீங்கள் சோறு போட்டு வளர்த்த கொழுந்தன்,
செல்லப்பாண்டி